பியர் கிட் வாங்கியவர்கள் பாட்டிலைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பக்கம் யாராவது சமீபத்தில் வீட்டில் பியர் காய்ச்சும் கிட் வாங்கி, பாட்டிலில் அடைத்து வைத்திருந்தால், முதலில் அந்தப் பாட்டில்கள் மேல் கனமான கம்பளி ஒன்றைப் போட்டு மூடுங்கள். வெறுங்கையால் தூக்காதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

என் வலது உள்ளங்கையில் நான்கு தையல். ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி, சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் ஒன்பது பாட்டில்கள் அடுத்தடுத்து வெடித்தன. கதவைத் திறந்து மிச்சத்தை வெளியே எடுக்கப் போனேன். கையில் இருந்தது பத்தாவது.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, குடியும் கிடையாது. அதற்கு முன் ஒரு பிராய் (நெருப்பில் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து) வைத்து, சொந்தமாகப் போட்ட பியரை நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஜூலை தொடக்கத்தில் ஒரு கடையில் 1,450 ராண்ட் கொடுத்துக் கிட் வாங்கினேன். மால்ட் சாறு டின், ஈஸ்ட், மூடியுள்ள வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானி), 40 காலி பாட்டில் எல்லாம் சேர்த்து. கடைக்காரர் நம்மவர். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனாலும் வாய் நிறையத் "தம்பி" என்பார். நானும் "அண்ணா, அண்ணா" என்று சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

டின்னின் அடியில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டி, அதில் பேனாவால் தேதி எழுதியிருந்தது. அன்றே அதை உரித்துப் பார்த்திருக்க வேண்டும். வெடித்த பிறகுதான் உரித்தேன். அச்சிட்ட தேதி முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மால்ட் சாறு பழையதானால் நிறம் கறுக்கும், ருசி கெடும். ஈஸ்ட் விஷயம் அதைவிட மோசம். இந்த டின்களில் ஈஸ்ட் மூடிக்குக் கீழே, தேதி அச்சிட்ட சிறு உறையில் வரும். எனக்குக் கிடைத்தது தேதியே இல்லாத வெறும் பிளாஸ்டிக் பொட்டலம். "இது அதைவிட நல்லது தம்பி" என்றார். உலர் ஈஸ்டைக் காற்றுப் புகாத உறையில், குளிர்ச்சியில் வைக்க வேண்டும். இவர் கவுண்டர் மேல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

கலவை தயாரானதும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். கிட்டோடு வந்த தாளில் ஆரம்ப அடர்த்தி 1.040 என்று இருந்தது. எனக்கு 1.028 காட்டியது. உடனே போன் செய்தேன். "மலை மேல இருக்கிற ஊர் தம்பி, இங்க அப்படித்தான் காட்டும்" என்றார். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் பிடிக்கும். அதனால் நம்பிவிட்டேன். ஆனால் உயரத்துக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கருவியில் அளவுக் கோடுகள் உள்ள காகிதம் கண்ணாடிக்குழாய்க்குள் நழுவியிருந்தது. 20 டிகிரி வெப்பத்தில் வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டியது, என்னுடையது 0.988 காட்டுகிறது. எப்போதும் 12 புள்ளி, அதாவது 0.012 குறைவு.

இரண்டு வாரம் கழித்து 1.010 என்று காட்டியது. தாளில் முடிவு அடர்த்தியும் அதேதான். ஏர்லாக்கில் குமிழியும் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போது இருந்தது 1.022. ஏற்கெனவே வலுவில்லாத ஈஸ்ட், ஜூலை ராத்திரிக் குளிரில் அப்படியே உறங்கிப்போயிருக்கிறது. இந்த வகை ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். வாளி இருந்த கராஜ் விடியற்காலையில் 8 டிகிரிக்கு இறங்கும். இதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் சர்க்கரை. "பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் போட்டு, சூடான இடத்துல வை" என்றார். லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதும். 340 மில்லி பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் என்றால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நொதிக்காத சர்க்கரை 4 புள்ளி மிச்சம் இருந்தாலே பாட்டிலுக்குள் வாயு சுமார் இரண்டு மடங்காகும். என்னிடம் 12 புள்ளி மிச்சம், மேலே இந்தச் சர்க்கரையும். கீசருக்குப் பக்கத்தில் கதகதப்பாக வைத்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. அவர் கொடுத்த பாட்டில்களோ, ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் மெல்லிய கண்ணாடி. நானே சேர்த்து வைத்திருந்த 12 தடித்த 750 மில்லி குவார்ட் பாட்டில்களில் ஒன்றுகூட உடையவில்லை.

கட்டுப்போட்ட கையோடு கடைக்குப் போனேன். "இங்க பாட்டிமார் எல்லாம் அளவே பார்க்காம உம்கோம்போத்தி போடறாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. மக்காச்சோள மாவும் முளைகட்டிய செஞ்சோளமும் போட்டுச் செய்யும் நாட்டு பியரான உம்கோம்போத்தியை யாரும் இறுக்கி மூடுவதில்லை. நுரைத்துக்கொண்டிருக்கும்போதே ஓரிரு நாளில் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். வாயு வெளியே போய்விடும். அதைச் செய்கிற பெண்களுக்கு அவர்கள் வேலை நன்றாகத் தெரியும். 2020 ஊரடங்கில் மது விற்பனை நின்றபோது வீடு வீடாக அன்னாசி பியர் போட்டார்களே, அதற்கும் இதேதான்: நொதித்து முடியாததை இறுக்கி மூடக்கூடாது.

சுவரில் "பணம் திரும்பத் தரப்படாது" என்ற பலகையைக் காட்டி அனுப்பிவிட்டார். அந்தப் பலகையைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ரசீது, உரித்த ஸ்டிக்கர், தண்ணீரில் 0.988 காட்டும் ஹைட்ரோமீட்டரின் படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்பொருள் ஓம்பட்ஸ்மனுக்கு (வாங்குபவர்களின் புகாரை விசாரிப்பவர்) புகார் அனுப்பியிருக்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. இதே கடையில் வாங்கியவர்கள் டின்னையும் ரசீதையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹைட்ரோமீட்டரை வாங்கிய அன்றே தண்ணீரில் சோதியுங்கள். குமிழி நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும், தாளில் சொன்ன முடிவுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். அளவு இறங்காமல் அதிகமாகவே நின்றுவிட்டால் வாளியை 20 டிகிரி இடத்துக்கு மாற்றி, மெதுவாகக் கலக்கிவிட்டு, ஒரு வாரம் காத்திருங்கள். பாட்டில் பக்கம் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த 30 சிறு பாட்டில்களையும் குவார்ட்டுகளையும் நண்பர் ஒருவர்தான் எடுத்தார். கண்ணுக்குக் கண்ணாடி, தோல் கையுறை, தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கம்பளியோடு சேர்த்து ஒவ்வொன்றாகப் பிரிட்ஜுக்கு மாற்றினார். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். இரண்டு நாள் கழித்து, துணியால் சுற்றி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் திறந்தோம். ஒரு சிறு பாட்டிலின் வாயுவை விட்டுப் புது ஹைட்ரோமீட்டரில் அளந்தேன். 1.016. அது இன்னும் நொதித்துக்கொண்டுதான் இருந்தது.