முதல் சிஎன்சி மெஷின்: 3018 வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

நாங்கள் மொரீஷியஸ்காரர்கள், வீட்டுக்குள் கிரியோல்தான் பேசுவோம், ஆனால் வாசலில் தமிழ்ப் பலகை தொங்க வேண்டும், எங்கள் குடும்பம் அப்படி. ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிற நாடு, வாசலில் இருந்தால் என்ன என்பார் மாமா. அவருக்கு ‘முருகன் துணை’ என்று பலாப் பலகையில் உளியால் செதுக்கிக் கொடுக்க உட்கார்ந்து, ‘ணை’யின் சுழிக்குள் இருக்கிற குட்டித் துண்டு மூன்று முறை தெறித்துப் போன பிறகுதான் எனக்கு, கணினி சொல்கிறபடி தானே செதுக்குகிற சிஎன்சி மெஷின் மேல் ஆசை வந்தது. முதலில் வாங்கியது 3018. ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

3018 என்பது கம்பெனிப் பெயர் இல்லை, அளவு: 300க்கு 180 மில்லிமீட்டர் மேசை, உயரத்தில் 45 மில்லிமீட்டர் நகரும். பல பெயர்களில் விற்கிறார்கள், பெட்டியைத் திறந்தால் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான். அலுமினியச் சட்டம், பக்கவாட்டில் பிளாஸ்டிக்கோ பேக்கலைட்டோ ஆன தகடு, உருளைக் கம்பியில் நகரும் தலை, 24 வோல்ட்டில் ஓடும் 775 ரக மோட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பூட்டிவிடலாம். ஓட்டுகிற மென்பொருளும் இலவசம், கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்து மெஷினை நகர்த்துகிற ஜிஆர்பிஎல் நிரலும் இலவசம்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மெஷின் கிடையாது, இதை மனசாரச் சொல்கிறேன். மெஷின் அளக்கத் தொடங்குகிற பூஜ்ஜியப் புள்ளியைத் தப்பாக வைத்து, பிட் (வெட்டும் முனை) நேராகப் போய் இரும்புக் கிளாம்பில் மோதியது எனக்கு நாலு முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் போனது 3.175 மில்லிமீட்டர் பிட் ஒன்றுதான். பலமான மோட்டார் உள்ள பெரிய மெஷினில் அதே தப்பைச் செய்திருந்தால் செலவு வேற மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் மரவேலைக்கு என்று வாங்கினால் சீக்கிரமே சலித்துப் போகும். மெஷினை நிறுத்திவிட்டு மோட்டாரைக் கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், தலை அசையும். கை தள்ளி அசைகிற தலை மரம் தள்ளினால் அசையாதா? பைன் மரத்தில் ஒரு ஓட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டு பொறுமையாகப் பல முறை ஓட்டினால்தான் ஓரம் சுத்தமாக வரும். பலா இன்னும் கெட்டி. மாமாவின் பலகைக்கு மூன்று மணி நேரம் ஆனது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்று நினைத்தது. மெதுவாக நகர்த்த நகர்த்த மரம் கருகியது. காரணம் எளிது. ஒவ்வொரு வெட்டுப்பல்லும் ஒரு சீவலைப் பெயர்த்து எடுக்க வேண்டும், அந்தச் சீவல்தான் சூட்டையும் தூக்கிக்கொண்டு போகும். நகர்வு போதாவிட்டால் பல் வெட்டாமல் தேய்க்கும். நிமிஷத்துக்கு 10,000 சுற்று, இரண்டு பல், பல்லுக்கு 0.03 மில்லிமீட்டர் என்று பெருக்கினால் நிமிஷத்துக்கு 600 மில்லிமீட்டர் வருகிறது. நான் 150ல் ஓட்டிக்கொண்டிருந்தேன்! வேகத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைத்ததும் மாவு மாதிரி வந்த தூள் சீவலாக வர ஆரம்பித்தது, கீச்சுச் சத்தமும் நின்றது.

அப்புறம் தமிழ் எழுத்து. செதுக்கும் மென்பொருளில் நேரடியாகத் தமிழில் தட்டினால் சிலதில் கொம்பு இடம் மாறும், ‘துணை’யில் ஐகாரக் குறி ணவுக்குப் பின்னால் போய் நிற்கும். இன்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டு போங்கள், பிரச்சினை தீர்ந்தது. ண, ஞ மாதிரி சுழி எழுத்துகளுக்கு நுனி கூராக இருக்கிற 60 டிகிரி வி பிட் நல்லது. எழுத்து சின்னதாக இருந்தால் சுழிக்குள் இருக்கிற துண்டு மெஷினிலும் தெறிக்கத்தான் செய்யும், உளியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

கியூர்பிப் ஊர் ஈரத்தில் இன்னொரு தொல்லை. ராத்திரி மட்டமாக இருந்த பலகை காலையில் லேசாக வளைந்திருக்கும். வி பிட்டுக்குக் கால் மில்லிமீட்டர் வித்தியாசமே போதும், எழுத்து ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் வரும். அதனால் பலகையைப் பிடித்துக் கட்டியதும் முதல் வேலையாக மேல்பரப்பை மெஷினாலேயே சீவி மட்டம் செய்துவிட்டு, அதே மூச்சில் எழுத்தையும் முடித்துவிடுகிறேன். தூசி உறிஞ்சியைப் போட்ட நொடியில் யுஎஸ்பி தொடர்பு அறுந்து வேலை பாதியில் நின்ற கதையும் உண்டு. தடுப்புறை உள்ள குட்டைக் கேபிள் போட்டு, உறிஞ்சியை வேறு பிளக்குக்கு மாற்றியதும் சரியானது. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டினால் முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவதாக வாங்கியது 400க்கு 400 மெஷின், உருளைக் கம்பிக்குப் பதில் லீனியர் ரெயில் என்கிற நேர்த் தண்டவாளம், பிட்டைச் சுழற்றும் மோட்டாருக்குப் பதில் மரவேலைக் கை ரௌட்டர். நான் போட்டிருப்பது மகிடாவின் 710 வாட், நிமிஷத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை. 6 மில்லிமீட்டர் பிட்டில் ஒரே ஓட்டத்தில் 2 மில்லிமீட்டர் ஆழம் போகிறது, மாமா பலகையின் வேலை நாற்பது நிமிஷத்தில் முடிகிறது. சத்தம்தான் தாங்காது, மதியத் தூக்கம் போடுகிற அக்கம்பக்கம் இருந்தால் யோசிக்கவும். ரௌட்டரை அமெரிக்கத் தளத்தில் வாங்கினால் 120 வோல்ட்டுக்கானது வந்து சேரும், நமக்கு 230, ஆர்டர் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர்க்காரர்கள் எடையோடு பெட்டியின் பருமனையும் கணக்குப் பார்ப்பார்கள், அதற்கு மேல் 15 சதவிகித வாட் வரி வேறு.

மேசை அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். ரோஸ் ஹில்லில் ஒரு அண்ணன் ஒரு மீட்டர் மேசை என்று ஆசைப்பட்டு பெல்ட்டில் ஓடும் மெஷின் வாங்கினார், நடுவில் வெட்டினால் வட்டம் முட்டையாகிறது. காசு அவ்வளவுதான் என்றால் அளவைக் குறைத்துக் கட்டுமானத்தில் போடுங்கள். நீளப் பலகையைத் தள்ளித் தள்ளி இரண்டு தவணையில் வெட்டலாம், ஆடுகிற தலையை ஒன்றும் செய்ய முடியாது. மெஷின் விலையில் பாதியளவு பணத்தை பிட், கிளாம்ப், தூசி உறிஞ்சிக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள், எனக்கு அதற்கும் மேலே போனது.

சிஎன்சி நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர் 3018 வாங்கலாம், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. பெயர்ப்பலகை செய்து நாலு பேருக்கு விற்கணும் என்று முடிவெடுத்தவர் நேராக நான் இரண்டாவதாக வாங்கிய மாதிரி மெஷினுக்குப் போய்விடுங்கள். மாமாவுக்குப் புது மெஷினில் இன்னொரு பலகை வெட்டிக் கொடுத்தேன், பழையதுதான் அழகு என்று அதையே தொங்கவிட்டிருக்கிறார்.