ஒரே பாட்டு, மூன்று வடிவம்: தட்டா, கேசட்டா, சிடியா?

எங்கள் வீட்டு அலமாரியில் 'அலைகள் ஓய்வதில்லை' பாடல்கள் ஏற்கெனவே இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் சிடியாகவும் இருக்கின்றன. போன மாதம் அதே தட்டின் இன்னொரு பிரதியை வாங்கிவந்தேன். மாமா பார்த்துவிட்டு, "ஒரே பாட்ட எத்தன தடவடே காசு குடுத்து வாங்குவ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், படம் பார்த்தாலே பாட்டெல்லாம் கிடைத்துவிடும் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிட வேண்டும். 'அலைகள் ஓய்வதில்லை'க்காக எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புது காலை' 1981ல் தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை. 'நிழல்கள்' (1980) படத்துக்காகப் பதிவான 'தூரத்தில் நான் கண்ட' பாட்டுக்கும் அதே கதி. இந்த இரண்டையும் தட்டும் கேசட்டும்தான் ஊருக்குக் கொண்டுவந்தன. 'புத்தம் புது காலை'யை 2014ல் 'மேகா' படத்துக்காகப் புதுக் குரலில் மறுபடி பதிவு செய்தார்கள். கேட்கலாம், குறையில்லை. ஆனால் பழைய பதிவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது வேறு பாட்டு.

சரி, தட்டு, கேசட், சிடி மூன்றிலும் பாட்டு உண்டு. எதை வாங்குவது? ஒலியின் தரத்தைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு பேசுவார்கள், அதை நான் நீட்டப்போவதில்லை. சிடி சுத்தமாக ஒலிக்கும். தட்டு கொஞ்சம் பொரியும். கேசட்டில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது எங்கள் ஊர் மழை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இருந்தால் ஆனி, ஆடியில் ஒரு சாரல், ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு அடைமழை. வருசத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கும். இந்த ஈரத்தில் கேசட் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுருளின் மேல் மாவு தூவினதுபோல் தெரியும். அதைத் தெரியாமல் ஓட்டினால் தூள் பிளேயர் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். நான் அப்படி ஒரே நாளில் நாலு கேசட்டைக் கெடுத்திருக்கிறேன். துடைக்கலாம் என்பார்கள். சுமார் தொண்ணூறு மீட்டர் நாடாவைப் பஞ்சால் துடைக்க யாருக்குப் பொறுமை?

தட்டிலும் பூசணம் வரும், ஆனால் தட்டைக் கழுவலாம். நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்ட தண்ணீரில், வரிகள் ஓடும் போக்கிலேயே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும், உப்பு படியாது. நிழலில் நிறுத்தி வைத்தால் அரை நாளில் காய்ந்துவிடும். பழைய அட்டை உறைதான் பூசணத்தின் கூடு. உள்ளுறையை மாற்றிவிட வேண்டும், அட்டையைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்க வேண்டும். இதெல்லாம் வினைல் தட்டுக்கு மட்டும். பாட்டி காலத்து 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுவது) அரக்கில் செய்தது, அதில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துபோகும்.

சிடிக்கு இந்த வேலை எதுவும் இல்லை. பிறகு ஏன் அது என் இரண்டாவது தேர்வு? பழைய படங்களைச் சிடியில் போட்டபோது, 74 நிமிடம் இருக்கிறதே என்று இரண்டு, மூன்று படங்களை ஒன்றாக அடைத்தார்கள். என்னிடம் உள்ள ஒரு சிடியில் கடைசிப் பல்லவி முடியும் முன்பே சத்தம் தேய்ந்து போகிறது. இன்னொன்றில் குரலுக்குக் கிணற்றுக்குள் பாடுவதுபோல் எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவதை சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்தேன், தட்டைவிடச் சுருதி அரைக் கட்டை கூட, அதாவது வேகமாக ஓடுகிறது. எந்தப் பிரதி சரியான வேகம் என்று சண்டை வந்தால் நான் தட்டின் பக்கம்தான். எல்லாச் சிடியும் இப்படி இல்லை. நன்றாகச் செய்தவையும் உண்டு, வாங்கிப் போட்டுக் கேட்டால்தான் தெரியும் என்பதுதான் எரிச்சல்.

ஒரே மெட்டு இரண்டு மொழியில் வரும்போதும் தனித்தனித் தட்டு வைத்திருப்பது சுகம். எங்கள் பக்கத்தில் திருவனந்தபுரம் வானொலி வீட்டுக்குள்ளேயே கேட்கும் என்பதால் 'ஓளங்கள்' (1982) படத்தின் 'தும்பி வா' எங்களுக்குத் தாலாட்டு மாதிரி. ஜானகி தனியாகப் பாடுகிறார். அதே மெட்டு தமிழில் 'ஆட்டோ ராஜா'வில் 'சங்கத்தில் பாடாத கவிதை'யாக, இளையராஜாவும் ஜானகியும் சேர்ந்து பாடும் ஜோடிப்பாட்டு ஆயிற்று. 2009ல் இந்தியில் 'பா' படத்திலும் அது திரும்பி வந்தது. எனக்கு மலையாளம்தான் கொள்ளாம். மாமா சத்தமே இல்லாமல் தமிழ்த் தட்டைத் திருப்பிப் போடுவார்.

பின்னணி இசை என்று வந்தால் மட்டும் தட்டு தோற்றுப்போகும். 'மௌன ராகம்' (1986) கேசட்டில் ஐந்து பாட்டுதான். மனசைப் பிசையும் பின்னணி இசைத் துணுக்குகளுக்குப் படத்திடமே போக வேண்டும். 5.1 ஒலி (ஆறு சேனலாகப் பிரித்த ஒலி) உள்ள டிவிடி கிடைத்தால், வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். அதை அணைத்துவிட்டு மற்றவற்றைக் கேட்டால் இசை ஓரளவு தனியே வரும். மழைச் சத்தமும் கூடவே வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. விதிவிலக்கும் உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தின் பின்னணிக்கு, இளையராஜா 1986லேயே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசையை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகுப்பு கையில் இருந்தால் படத்தின் இசை பாதி கையில் இருக்கிறது. ரகுமானின் 'பம்பாய்' கேசட்டில் தீம் இசையே தனியாக வந்தது. அது மறு வருசமே தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்துக்குப் போயிற்று.

இப்போது புதிதாக அச்சடித்து வரும் தட்டுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் வாங்கியது இரண்டே இரண்டு, ஒரு மழைக்காலம்கூட முழுதாகத் தாண்டவில்லை. விலைதான் பழசைவிடக் கூடுதல் என்பதைச் சொல்லலாம்.

கேசட்டுகளை அதற்காகத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து மாமா பதிந்து வாங்கிய சி-60, அதாவது அறுபது நிமிடக் கேசட், ஒன்று இருக்கிறது. உறையில் அவர் கையெழுத்து, உள்ளே யாரோ ஒருவருடைய தட்டின் கீறல் சத்தம். அந்தக் கீறல் வரும் இடத்தில் இன்றும் அவர் சரியாகத் தலையை ஆட்டுவார்.