முதல் லேஸ் சால்வைக்குக் கம்பளி நூலா, மொஹேர் நூலா?

துளைகளால் வடிவங்கள் அமையும் லேஸ் சால்வையைப் பின்னப் பழகுபவரின் கண்ணை முதலில் இழுப்பது, அங்கோரா ஆட்டின் ரோமத்தோடு பட்டு கலந்த மொஹேர் நூல்தான். 25 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 210 மீட்டர் நீளும் அந்த மெல்லிய நூலில் பின்னிய சால்வை புகைபோல மிதக்கும். ஆனால் பழகும் காலத்தில் பிழை வராமல் இருக்காது; அங்கேதான் இரண்டு நூல்களும் வேறுபடுகின்றன. துளை விழுவதற்காக ஊசியில் நூலைச் சுற்ற வேண்டிய இடத்தில் சுற்ற மறந்துவிட்டு, நான்கு வரிசை தாண்டிய பிறகு கண்ணிகளின் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களின்) கணக்கில் ஒன்று குறைவதைக் காணும்போது, கம்பளியானால் இழுத்தவுடன் வரிசைகள் பிரிந்து வந்துவிடும். மொஹேரின் ரோமங்களோ ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியையும் விரலால் விடுவிக்க வைக்கும். அதே ஒட்டும் குணத்தால், ஊசியிலிருந்து நழுவிய கண்ணி கீழே ஓடாமல் அங்கேயே நிற்கும் என்பது உண்மைதான். எனக்கு அது போதிய ஆறுதலாக இல்லை.

நனைத்து, குண்டூசி குத்தி விரித்துக் காயவைக்கும்போது, அதுவரை கசங்கிய துணிபோலக் கிடந்த கம்பளிச் சால்வையில் இலை வடிவங்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். மொஹேரில் அவை மங்கலாகவே தெரியும். ஆகவே முதல் சால்வைக்கு வெளிர் நிறக் கம்பளியையே பரிந்துரைப்பேன். பத்து வரிசைக்கு ஒருமுறை வேற்று நிறப் பருத்தி நூலைக் கண்ணிகளின் ஊடே கோத்து வைத்தால், பிரிக்க நேரும்போது அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.