மாதிரித் தாளைப் பார்த்து ஊதா மை வாங்காதீர்கள்

என் தந்தை எழுதிய கடிதங்கள் மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கிவிட்டன. அவற்றை ஒரு நோட்டில் என் கையால் பெயர்த்தெழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்த ஊதா நிறத்திலேயே எழுத ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் என்னை ஒரு பொய்யரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சொந்தமாக மை கலந்து, சிறு குப்பிகளில் அடைத்து, இணையத்தில் விற்பவர் அவர். எந்தத் தாளிலும் ஊறிப் பரவாது, எந்த நிப்பில் எழுதினாலும் இதே நிறம்தான் வரும், எத்தனை வருடமானாலும் மங்காது என்று மூன்று உறுதிகள் கொடுத்தார். எழுதிக்காட்டிய தாளின் படமும் அனுப்பினார். ஆழ்ந்த கத்திரிப்பூ நிறம். எழுத்தின் ஓரங்களில் பொன் இழைத்ததுபோல் ஒரு மினுமினுப்பு. மயங்கிப்போனேன்.

குப்பி வந்த அன்றே என் மெல்லிய நிப்புப் பேனாவில் நிரப்பிச் சாதாரண நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழுத்துகளுக்கு வேர் முளைத்தது. சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு ண எது, ன எது என்று தெரியவில்லை. தாளைத் திருப்பினால் மறுபக்கம் முழுதும் புள்ளிகள். நிறமும் படத்தில் கண்டதன் அருகில்கூட இல்லை. வெளிறிய ஊதா, அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு கசிவு. கேட்டபோது, "உங்கள் தாள் மட்டம்" என்றார். நம்பினேன். வழவழப்பான தாள் கொண்ட, தைத்துக் கட்டிய நோட்டு ஒன்றை வாங்கி, நடுத்தர நிப்புக்கு மாறி, 22 பக்கங்கள் எழுதினேன். நன்றாகவே இருந்தது. இடையில் ஒரு பயணம். நோட்டை ஜன்னலோரத் தாங்கியில் விரித்தபடியே விட்டுப் போயிருந்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது, விரிந்திருந்த இரண்டு பக்கங்களிலும் நீலம் போய், சோகை பிடித்த இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. என் தந்தையின் வரிகளைக் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது.

இம்முறை அவர் சொன்னது: "பேனா சரியில்லை." பிறகு, "கை அழுத்தம்." அதன் பிறகு பதிலே இல்லை.

ஆகவே நானே உட்கார்ந்து மூன்று தாள்களிலும் மூன்று நிப்புகளிலும் எழுதிப் பார்த்தேன். ஊற்றுப்பேனாக்காரர்கள் விரும்பும் டொமோயே ரிவர் என்ற மெல்லிசான ஜப்பானியத் தாளில் பட்டை நிப்பால் எழுதியதும், அவர் அனுப்பிய படம் அப்படியே எழுந்து வந்தது. அந்த வகைத் தாள் மையைச் சட்டென்று உறிஞ்சாது. மை மேலேயே தேங்கி மெதுவாகக் காய்கிறது. தேங்கிய இடத்தில் சாயம் அடர்ந்து படிந்து உலோகம்போல் மின்னுகிறது. பட்டை நிப்பு மையைத் தாராளமாக விடுவதால் நிறம் கறுப்பை எட்டும் அளவுக்கு ஆழமாகிறது. (அரை நிமிடம் கழித்து விரலால் தடவினால் முழுதும் இழுவிக்கொண்டு வந்தது, அதையும் அவர் சொல்லவில்லை.) அதே மை, 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில், அதே பட்டை நிப்பில், மினுமினுப்பே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது, நார்களின் வழியே ஓடி ஓரங்கள் பிசிறின. மெல்லிய நிப்பில் பிசிறு குறைந்தது, நிறமும் குறைந்தது. இன்னொன்றும் கவனித்தேன்: பேனாவிலேயே சில வாரம் கிடந்த மை, நீர் ஆவியாகித் திக்காகி, முதல் நாளைவிடக் கருமையாக எழுதியது.

இவையெல்லாம் மையின் குற்றம் இல்லை. ஊதா மை பெரும்பாலும் சாயங்களின் கலவை. ஒரு துளியை ஈரமான டிஷ்யூ தாளின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள்; நீலம் ஒரு பக்கமும் இளஞ்சிவப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடும். உறிஞ்சும் தாளில் எழுத்தைச் சுற்றி வந்த அந்த இளஞ்சிவப்புக் கசிவுக்கும் இந்தப் பிரிவே காரணம். பளிச்சிடும் ஊதாச் சாயங்களில் பல, வெயிலுக்கு நிற்காதவை. மை கலந்து விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்துதான், மை அழகாகத் தோன்றும் ஒரே தாளையும் ஒரே நிப்பையும் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்திருக்கிறார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

ஆகவே, மாதிரி காட்டுகிறவரிடம் எந்தத் தாள், எந்த நிப்பு என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். மங்காது என்று சொல்வாரானால், எழுதிய துண்டொன்றின் பாதியை அட்டையால் மூடி, இரண்டு வாரம் ஜன்னலில் ஒட்டி வைத்த படத்தைக் கேளுங்கள். கையில் குப்பி வந்ததும் முதலில் நீங்களே அதைச் செய்யுங்கள். நான் அதைச் செய்யாமல் 22 பக்கம் எழுதினேன்.

கண்ணாடிபோல் உடல் தெரியும் பேனாவில் மட்டும் இவ்வகை மையை நிரப்பவே வேண்டாம். என் பேனாவின் உள்சுவரில் ஊதாக் கறை இன்னும் போகவில்லை. குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்து, நிப்பையும் அதன் அடியிலுள்ள நாக்கையும் ஓர் இரவு ஊற வைத்தேன். நாக்கின் பள்ளங்களில் இருந்தது கரைந்தது. கறையை நீக்க ஸ்பிரிட் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் வெடிப்பு விட்டுவிடும்.

ஊற்றுப்பேனாவுக்கென்றே தயாரித்த கறுப்பு நிறமி மை (கரையும் சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் கலந்தது) ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரண்டு வாரம் ஜன்னலில் ஒட்டிப் பார்த்தாயிற்று, மங்கவில்லை. நேற்று இரவு முதல் கடிதத்தை மீண்டும் எழுதத் தொடங்கினேன்.