60 நாளில் ஆங்கிலம் என்று 44,500 ரூபா வாங்கினார்கள்

மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கிற ஆங்கில வகுப்பில் என் மகளைச் சேர்த்து 44,500 ரூபா இழந்திருக்கிறேன். இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். என்ன சொல்லிக் காசு வாங்கினார்கள், உள்ளே என்ன நடந்தது, எங்கே நான் கவனிக்காமல் விட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். கல்முனையிலும் இதே மாதிரித் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள் என்று ஒரு அம்மா சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்லடியில் வீட்டில் வைத்துத் தையல் தைக்கிறேன். 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு விட்டுத்தான் போனேன், ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவோடு நின்றுவிட்டது. மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்பது எனக்குப் பெரிய வைராக்கியம். ஓ.எல்.லில் ஆங்கிலத்துக்கு சீ எடுத்தாள். ஏ.எல். முடித்துவிட்டு, பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குப் போக ஆசைப்பட்டாள். அதற்குப் பேச்சு ஆங்கிலம் வேண்டும்.

போன வருடம் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் ஒரு பொடியன் துண்டு ஒன்றைக் கையில் தந்தான். பிரித்தானியக் கொடி, லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம். ‘60 நாளில் சரளமான ஆங்கிலம். சர்வதேசச் சான்றிதழ். ஐ.ஈ.எல்.டி.எஸ். 6.5 உத்தரவாதம். அரச பதிவு பெற்றது.’ 1814இல் மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கிய ஊர் இது. இருநூறு வருடத்துக்கு மேலாக இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறார்கள், படித்து நல்லாய் வந்தவர்களும் எத்தனையோ பேர். அதனால் ஆங்கிலம் என்றதும் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையில் நான் கேள்வி கேட்கவில்லை.

அறிமுக வகுப்புக்கு நானும் போனேன். ஒரு சேர் கோட் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு, “இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் வந்தவர்” என்று ஒரு தம்பியைக் கூப்பிட்டார். அவர் மழை மாதிரிப் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தம்பி அங்கே படித்தவரே இல்லை, சின்ன வயதிலிருந்து கொழும்பில் ஆங்கில மூலம் படித்தவர் என்று பிறகு தெரிந்தது. கட்டணம் 45,000, அன்றைக்கே முழுதாய்க் கட்டினால் 38,000. புத்தகத்துக்குத் தனியாக 6,500. சீட்டு எடுத்து வைத்திருந்த காசு வீட்டில் இருந்தது. மகளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துவந்து கட்டினேன்.

முதல் வாரம் கோட் போட்ட சேர் வந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து அவரைக் காணவில்லை. ஏ.எல். முடித்த ஒரு பிள்ளையை மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளையில் பிழை சொல்ல மாட்டேன், அதுவும் சம்பளத்துக்கு வந்த பிள்ளை. ஒரு அறைக்குள் நாற்பதுக்கு மேல் மாணவர். புத்தகத்தில் பக்கம் சொல்லுவார், எல்லோரும் இடைவெளி நிரப்புவார்கள், கடைசிப் பக்கத்தில் விடை பார்த்துச் சரி போடுவார்கள். வாசிப்பு என்றால் ஒருவர் சத்தமாய் வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வது. வட்ஸ்அப்பில் நாளுக்கு 50 சொல் வரும். மாதக் கடைசியில் பரீட்சை. இறந்தகாலப் பயிற்சிதான் வந்தது, மகளுக்கு 92 புள்ளி. அந்தத் தாளை நான் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

60 நாள் முடிந்து மூன்றாம் வாரம், பாசிக்குடாவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். வாழைச்சேனை பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். உள்ளே போன பிள்ளை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. வீடு எங்கே, நேற்று என்ன செய்தீர்கள், இங்கே எப்படி வந்தீர்கள் என்று மூன்று கேள்விதான் கேட்டார்களாம். வரும் வழியெல்லாம் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஏறாவூர் தாண்டும்போது, “அம்மா, எனக்கு மூளை இல்ல” என்றாள். பணத்தை விட இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற பழக்கம். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மகளையும் கொப்பியையும் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார். கொப்பியை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார்.

“இஞ்ச பாருங்க தங்கச்சி, இதில ஆராவது ஒரு இடத்தில சிவப்புப் பேனை வச்சிருக்காங்களா?”

இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. சரி அடையாளம் எல்லாம் மகள் தானே போட்டது. இரண்டு மாதத்தில் அவள் சொந்தமாக எழுதிய ஒரு பந்திகூட அந்தக் கொப்பியில் இல்லை. எழுதினால்தானே திருத்த முடியும்?

ரீச்சர் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, நேற்று நடந்ததைப் பத்து வரி எழுதச் சொன்னார். இறந்தகாலப் பயிற்சியில் 92 வாங்கிய பிள்ளை ‘யெஸ்டர்டே ஐ ஆம் கோ டு பாசிக்குடா’ என்று எழுதியது. எப்படி என்று கேட்டேன். ரீச்சர் விளக்கியது எனக்கே புரிந்தது. அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே ‘இறந்தகாலம்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குள் வினைச்சொல்லையும் கொடுத்துவிட்டார்கள். ‘கோ’ என்று இருந்தால் ‘வென்ட்’ என்று போட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் காலம் என்று பிள்ளை ஒரு தடவையும் தானாக முடிவெடுக்கவில்லை. பேசும்போது யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லையே.

இன்னொன்று கேட்டார். ‘கல்லடியில் இருக்கிறேன், மேசையில் இருக்கிறது, பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறேன்’ இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லு என்றார். மூன்றுக்கும் மகள் ‘இன்’ போட்டாள். தமிழில் மூன்றுக்கும் ‘இல்’ என்ற ஒரே உருபு. ஆங்கிலத்தில் ஊருக்கு ‘இன்’, மேசைக்கு ‘ஒன்’, பஸ் தரிப்பிடத்துக்கு ‘அட்’. தமிழ்ப் பிள்ளை எங்கே இடறும் என்று தெரிந்த ஆசிரியர் இதை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுவார். அதே மாதிரித்தான் ‘அ’, ‘த’ என்று பெயருக்கு முன்னால் வருகிற சின்னச் சொற்கள். தமிழில் அந்த வழக்கமே இல்லை. ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்பதும் இந்த வகைதான், ‘டிட்’ வந்த பிறகு ‘கோ’ என்றுதான் வர வேண்டும். இவ்வளவும் மகளுக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கியது. மூளை இல்லாத பிள்ளைக்கு அப்படி விளங்குமா?

வட்ஸ்அப் சொற்களையும் பார்த்தார். ‘எங்கும் நிறைந்த’, ‘பெருந்தன்மையுள்ள’ என்பவற்றுக்கு வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களை மகள் ஒப்புவித்தாள். ஆனால் ‘பேனை ஒன்று இரவல் தாங்க’ என்று கேட்கத் தெரியவில்லை. ‘பொரோ’ என்பதையும் ‘லென்ட்’ என்பதையும் மாற்றிச் சொன்னாள். 1953இலேயே மைக்கேல் வெஸ்ட் என்பவர் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு மிக அவசியமான சுமார் 2,000 சொல்லைப் பொறுக்கிப் பட்டியல் போட்டிருக்கிறார், அத்திவாரம் அங்கேதான் போட வேண்டும் என்றார் ரீச்சர். அந்த அத்திவாரம் போடாமல் நாளுக்கு 50 சொல் என்று கூரைக்கு ஓடு அடுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 6,500 ரூபாப் புத்தகம். ‘எமது விசேட வெளியீடு’ என்று அட்டை போட்டிருந்தது. ஒரு பக்கத்தில் ‘கலர்’ என்ற சொல்லை இங்கிலாந்து முறையில் எழுதியிருக்கிறது, அடுத்த பக்கத்தில் அமெரிக்க முறையில். ஒரு பயிற்சிக்கு 12 கேள்வி, பின்னால் 10 விடைதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வெள்ளைப் பட்டை. ஒரே ஒரு பக்கத்தில் அந்தப் பட்டையை வைக்க மறந்துவிட்டார்கள், இணையத்தள முகவரி ஒன்று பாதியாய்த் தெரிந்தது. மகள் போனில் அந்தப் பயிற்சியின் முதல் வரியை அடித்துத் தேடினாள். அதே பக்கம், அதே படம், இலவசமாகக் கிடக்கிறது. இன்னும் பத்துப் பக்கம் தேடினாள், எல்லாம் அப்படித்தான். யாரோ பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று காசு வாங்காமல் செய்து வைத்ததைப் போட்டோகொப்பி அடித்து விற்றிருக்கிறார்கள். அந்த இணையப் பயிற்சிகளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் இருந்து பழக அவை நல்ல பொருள். காசு கொடுப்பது திருத்தித் தருகிற ஆளுக்கு. அந்த ஆள்தான் அங்கே இல்லை.

உத்தரவாதத்தின் கதையையும் கேளுங்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்பது பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் மூன்றும் சேர்ந்து நடத்துகிற பரீட்சை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 9 வரை புள்ளி போடுவார்கள். சித்தி, தவறல் என்று ஒன்று கிடையாது, பெறுபேறு பொதுவாக இரண்டு வருடத்துக்குச் செல்லும். திருத்துகிறவர்கள் அவர்களின் பரீட்சகர்கள். மட்டக்களப்பில் மாடியில் இருக்கிற ஒருவர் 6.5 தருகிறேன் என்று எப்படி உறுதி சொல்வார்? வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்விக்கு விடை எழுத வேண்டும். இவர்கள் ஒரு நாள்கூட மணிக்கூட்டை வைத்து வாசிக்க விடவில்லை.

ரீச்சர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலம். 60 நாளில் 26 வகுப்பு, மொத்தம் 39 மணித்தியாலம். மொழித் திறமையை ஆறு படியாகப் பிரிக்கிற ஐரோப்பிய அளவுகோலில் 6.5 என்பது பி2 என்கிற நாலாவது படி. ஒன்றும் தெரியாதவர் அந்தப் படிக்கு வர வழிகாட்டலோடு 500 முதல் 600 மணித்தியாலம் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ்காரர் சொல்கிற கணக்கு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறவே ஏறக்குறைய 200. தையல் படிக்க வருகிற பிள்ளையிடம் 39 மணித்தியாலத்தில் மணப்பெண் சட்டை தைக்கப் பழக்கி விடுகிறேன் என்று நான் சொன்னால் அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததுதான் அவர்களுக்கு வாய்ப்பாகப் போனது.

‘அரச பதிவு’ என்று சுவரில் மாட்டியிருந்ததும் வேறு விஷயம். அது வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் பெட்டிக்கடைக்கும் அதை எடுக்கலாம். பயிற்சி நிறுவனங்களைப் பதிவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் இணையத்தளத்தில் மகள் தேடிப் பார்த்தாள், இவர்கள் பெயர் இல்லை. காசு கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை.

காசைக் கேட்டுப் போனேன். மனேஜர் தம்பி இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் எல்லாம் தந்தார். “அன்ரி, மற்றப் பிள்ளைகள் எல்லாம் பேசுதுகள். உங்கட மகள்தான் வீட்டில பழகல்ல” என்றார். 6.5 உத்தரவாதம் என்னாச்சு என்று கேட்டேன். பரீட்சைக் கட்டணத்தை நாங்களே கட்டி, வகுப்பு முடிந்து 30 நாளுக்குள் எழுதி, ஒரு வகுப்பும் தவறாமல் வந்திருந்தால்தான் அது செல்லுமாம். பற்றுச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படாது’ என்று, அதுவும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரியாமல் படிக்க வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். எழுத்தில் தரச் சொன்னார்கள், பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், புத்தகப் பக்கங்களின் பிரதியோடு அனுப்பினேன். இன்னும் காசு வரவில்லை.

பிள்ளையை எங்காவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அறிமுக வகுப்பைப் பார்த்து மயங்காமல் ஏற்கனவே அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது. சொந்தமாய் எழுதிய பந்தி இருக்கிறதா, அதில் வேறொரு கையின் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். யார் படிப்பிக்கிறார் என்று பெயரைக் கேளுங்கள், அவரேதான் கடைசி வரை வருவாரா என்றும் கேளுங்கள். மாதம் மாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

மகள் இப்போது பின்னேரங்களில் ரீச்சர் வீட்டுக்குப் போகிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு பந்தி எழுதுகிறாள். படிக்கிறவர்களுக்கென்று இலகுவான சொற்களில் எழுதிய சின்னக் கதைப் புத்தகங்களை ரீச்சர் இரவல் தருகிறார். நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் இலகுவானதை எடுக்கச் சொல்கிறார். அகராதி புரட்டாமல் கதைக்குள் போக அப்போதுதான் முடியுமாம். ஏழாவது புத்தகம் நடக்கிறது. இரவில் நான் மிசின் மிதிக்கும்போது பக்கத்தில் இருந்து கதையைத் தமிழில் சொல்லுவாள். கொப்பி முழுக்கச் சிவப்பு.

இதே வகுப்பில் காசு கட்டிய ஆறு பெற்றோர் இப்போது சேர்ந்திருக்கிறோம். போன கிழமை போய்ப் பார்த்தபோது மாடியில் பெயர்ப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். வேறு பெயரில் திறக்கப் போவதாகக் கீழ்க் கடைக்காரர் சொன்னார். உங்களிடம் அவர்கள் தந்த பற்றுச்சீட்டோ அந்த வெள்ளைப் பட்டை போட்ட புத்தகமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அடுத்த கடிதத்தை எல்லோரும் சேர்ந்து கையெழுத்து வைத்து அனுப்பப் போகிறோம்.