காதால் பாட்டு எடுக்க எந்த மென்பொருள்?

நோட்ஸ் இல்லாமல், கேட்டே ஒரு பாட்டைக் கீபோர்டில் எடுக்க மென்பொருள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சின்னத் துண்டு ஒன்றை ஸ்ருதி மாறாமல், மெதுவாக, திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஸ்வரத்தைக் கண்டுபிடிப்பது நம் காதின் வேலை. அதையும் மென்பொருளிடமே விட்டுவிட்டால் காது தேறாது.

அந்த வகையில் என் முதல் தேர்வு ‘டிரான்ஸ்கிரைப்’. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 30 நாள் இலவசமாகப் பழகிவிட்டு வாங்கலாம். தோற்றம் பழையதுதான், ஆனால் மவுஸால் இழுத்துக் குறித்த இடம் உடனே லூப் ஆகிறது, அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிறது. பழைய பாட்டு எடுப்பவர்களுக்கு இதில் பெரிய உதவி ஒன்று உண்டு. டேப் ஓடிய வேகம் முன்னேபின்னே இருந்ததால் பல பழைய பதிவுகளின் ஸ்ருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். எந்தக் கட்டையை அழுத்தினாலும் உறுத்தும். ஒரு செமிடோனை, அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை, 100 சென்ட்டாகப் பிரித்து, ஸ்ருதியை வேண்டிய அளவு நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம். பேஸ் கிட்டார் பிடிபடவில்லையா? பாட்டையே 12 செமிடோன், அதாவது ஒரு ஸ்தாயி, ஏற்றிக் கேளுங்கள். அடியில் அமுங்கிக் கிடந்த நடை துல்லியமாகக் கேட்கும். ஸ்வரத்தை ஊகிக்கும் வரைபடமும் இருக்கிறது. ஆனால் ஒரே ஸ்வரத்தின் மேலொலிகளும் (ஸ்வரத்தோடு சேர்ந்தே பிறக்கும் உயர்ந்த ஒலிகள்) அதில் முகடுகளாக எழும் என்பதால் அதை அப்படியே நம்ப முடியாது.

பணம் செலவழிக்க வழியில்லாதவருக்கு ஆடாசிட்டி போதும். ஸ்ருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும் டெம்போவை மட்டும் குறையுங்கள். ஸ்பீடைப் பாதியாக்கினால் ஸ்ருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அடிப்படையில் அது எடிட்டிங் மென்பொருள் என்பதால், டிரான்ஸ்கிரைபில் வேலை நடக்கும் வேகம் இதில் வராது.

மொய்ஸஸ் வேறு ரகம். குரல், டிரம்ஸ், பேஸ் என்று பாட்டைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. முன்பெல்லாம் குரலை நீக்க இடது தடத்திலிருந்து வலது தடத்தைக் கழிப்பார்கள். இரண்டு தடமும் ஒன்றாகவே இருக்கும் மோனோ பதிவில் அப்படிச் செய்தால் மிஞ்சுவது வெறும் மௌனம். 1970களின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோதான். செயற்கை நுண்ணறிவு ஒலியின் குணத்தை வைத்துப் பிரிப்பதால் அவற்றையும் ஓரளவு பிரித்துவிடுகிறது. வயலின் கூட்டத்துக்கு அடியில் புதைந்த பேஸைத் தனியாகக் கேட்பது உண்மையிலேயே பரவசம். தபலாவின் டக்கா (இடது கையால் வாசிக்கும் தாழ்ந்த ஒலி மேளம்) ஒலி சில நேரம் பேஸ் தடத்தில் கசியும், அதை மட்டும் கவனியுங்கள். இலவசக் கணக்கில் மாத வரம்பு இருப்பதால், இடைஇசை சிக்கலான பாட்டுக்கு மட்டும் இதை எடுப்பது நல்லது.

கார்டிஃபை, பாட்டு ஓட ஓடக் கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) திரையில் நகர்த்துகிறது. நாளைக்கே கச்சேரி என்றால் கைகொடுக்கும். ஆனால் மெட்டை அது தராது, கமகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வேகமாக மாறும் கார்டுகளில் தடுமாறவும் செய்யும். பழகும் காலத்தில் இதை முதலில் திறக்கவே வேண்டாம். பேஸைக் கேட்டு நீங்களே கார்டுகளை எழுதிவிட்டு, பிறகு ஒத்துப்பாருங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் டிரான்ஸ்கிரைபில் லூப் போட்டு மறுபடி கேளுங்கள்.