"12 ஜிபி ரேம், 256 ஜிபி மெமரி" டேப் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க

பெட்டி மேல 12 ஜிபி ரேம், 256 ஜிபி மெமரி, 5ஜி-ன்னு கொட்டை எழுத்துல அடிச்சு, 7,500 ரூபாய்க்கு ஒரு டேப் விக்கிறாங்க. கேள்வியேபடாத கம்பெனி. ஈரோட்டுல ஒரு கடையில எங்க அக்கா அதை வாங்கி ஏமாந்துட்டாங்க. கோபி, பெருந்துறை, காங்கயம்னு நம்ம சுத்துப்பட்டுல இருந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துல ஈரோட்டுக்குப் போய் டேப் வாங்குறவங்க நெறையப் பேரு. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. மணற்கேணி செயலியில பாட வீடியோ பார்க்கணும், பாடப்புத்தகம் பிடிஎஃப்-ல படிக்கணும், போன்ல பார்த்தா கண்ணு எரியுதுன்னு சொல்லிட்டு இருந்தா. சொசைட்டிக்குப் பால் ஊத்துற காசுல கொஞ்சங் கொஞ்சமா எடுத்து வெச்சு அக்கா வாங்கிக் கொடுத்தது அது. வேற காசா இருந்திருந்தாக்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காதுங்க.

பிள்ளை எங்க வீட்டு வைஃபையில பாட வீடியோவெல்லாம் இறக்கி வெச்சுக்கிட்டுப் போனா. அடுத்த வாரம் வந்து, "மாமா, பேரெல்லாம் அப்படியே இருக்குது, தொட்டா ஒண்ணுமே ஓட மாட்டேங்குது"ன்னா. வாங்கிப் பார்த்தேன். ஃபைல் பேரு இருக்கு, அளவு இருக்கு, உள்ள வீடியோ இல்லை. உண்மையில அதுல இருக்கிற மெமரி 32 ஜிபிதான். 256-ன்னு காட்டற மாதிரி சாப்ட்வேர்ல மாத்தி வெச்சிருக்காங்க. 32-ஐத் தாண்டி எதை ஏத்தினாலும் ஏறுன மாதிரி காட்டும், ஆனா உள்ள தங்காது. பிள்ளை எடுத்த நோட்ஸ் போட்டோவும் அதுலயே போச்சு.

அப்புறம், டேப்புக்குள்ள நிஜமா என்ன இருக்குன்னு காட்டற சிபியூ-இசட் செயலியைப் போட்டுப் பார்த்தேன். செட்டிங்ஸ்ல ஆண்ட்ராய்டு 14-ன்னு இருக்குது. செயலியில ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டோட ஒவ்வொரு பதிப்புக்கும் இருக்கிற எண்) 29-ன்னு வருது. 14-ஆ இருந்தா அந்த இடத்துல 34 இருக்கணும். 29-ங்கிறது 2019-ல வந்த ஆண்ட்ராய்டு 10. ரேம் 2 ஜிபி. மீதி 10 ஜிபி எங்கேன்னு கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு "அது வர்ச்சுவல் ரேமுங்க"ன்னார். மெமரியில ஒரு பங்கை ஒதுக்கி ரேம் மாதிரி பயன்படுத்துறதுக்குத்தான் அந்தப் பேரு. நிஜ ரேமோட வேகம் அதுக்கு வராது. நல்ல கம்பெனிகளும் இதைக் கொடுக்கறாங்க, ஆனா நிஜ ரேம் 4, வர்ச்சுவல் 4-னா 4+4-ன்னு பிரிச்சுப் போடுவாங்க. 5ஜி-ன்னு போட்டிருக்கே, சிம் போட்டா 4ஜிதானே வருதுன்னு கேட்டோம். அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைச் சொல்றதாம். இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கும் பதில் தயாரா வெச்சிருக்காங்க.

திருப்பி எடுத்துக்கச் சொல்லி அக்கா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாங்க. "இல்லீங்க்கா, சீல் பிரிச்சாச்சு. கம்பெனி சர்வீஸ்ல காட்டிக்குங்க"ன்னுட்டார். வாரண்டி அட்டையில சர்வீஸ் சென்டர் விலாசமே இல்லை. ஒரு போன் நம்பர் இருக்கு, அதையும் யாரும் எடுக்கறதில்லை. பில்லுன்னு கொடுத்தது "எஸ்டிமேட்"னு தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, டேப்போட சீரியல் நம்பர் இல்லை. அடியில "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு ரப்பர் ஸ்டாம்பு மட்டும் குத்தியிருக்கு.

விலை குறைஞ்ச டேப்பே வேண்டாம்னு நான் சொல்ல வரலீங்க. எங்க அப்புச்சி வெச்சிருக்கறதும் கம்மி விலைதான், தெரிஞ்ச கம்பெனி. எழுத்தைப் பெருசு பண்ணிப் பேப்பர் படிப்பார், பொழுதோட யூடியூப்ல மேட்டுப்பாளையம் மண்டி நிலவரம் கேப்பார். பாட வீடியோவுக்கும் பிடிஎஃப்-க்கும் அந்த மாதிரி டேப் தாராளமாப் போதும். திரை பெருசு, கண்ணுக்குச் சிரமம் குறைவு. குறையும் இருக்கு. நாலு செயலி ஒண்ணாத் திறந்தா திணறும், கேமரா சுமார், வருசம் போகப் போக பாதுகாப்பு அப்டேட் நின்னுடும். வைட்வைன் எல்1-ங்கிற, படத்தைத் திருட்டு நகல் எடுக்காமத் தடுக்கிற பாதுகாப்பு வசதி இல்லாத டேப்ல ஓடிடி படங்கள் தெளிவு கம்மியாத்தான் வரும். இதெல்லாம் அந்த விலைக்குத் தெரிஞ்சே வாங்கற குறை. இல்லாததை இருக்குதுன்னு காட்டி விக்கறது வேற. அதுக்குப் பேரு மோசடி.

அதனால கடையிலேயே, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி டேப்பை ஆன் பண்ணச் சொல்லுங்க. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல எபவுட் பகுதிக்குப் போய், டேப் "சர்டிஃபைட்"னு, அதாவது கூகுள் சான்று இருக்குன்னு வருதான்னு பாருங்க. சிபியூ-இசட் இறக்கி ரேமையும் ஏபிஐ லெவலையும் பெட்டியோட ஒத்துப் பாருங்க. டேப் முதுகுலயோ பெட்டியிலயோ ஆர்-ன்னு ஆரம்பிச்சு எட்டு இலக்கம் இருக்கணும், அதுதான் பிஐஎஸ்-ங்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு எண். இந்தியாவுல டேப் விக்க அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில அந்த எண்ணைப் போட்டா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்ததுன்னு வந்துடும். அக்கா வாங்குன பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்த எண்ணும் இல்லை, இறக்குமதி பண்ணுனவங்க விலாசமும் இல்லை. சிம் போடற டேப்பா இருந்தா, அதோட ஐஎம்இஐ (ஒவ்வொரு கருவிக்கும் தனியா இருக்கிற எண்) எந்த மாடலுக்கு உண்டானதுன்னு தெரிஞ்சுக்க, கேஒய்எம்-னு இங்கிலீஷ்ல அடிச்சு, இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. இதையெல்லாம் செய்யக் கடைக்காரர் விடலைன்னா, அடுத்த கடைக்குப் போயிடுங்க.

இனி, ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பில் கொடுக்காம விக்கறதே முறையற்ற வணிகம்னு இருக்கு. பழுதான பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு சொல்றதும் அதே கணக்குத்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் சொல்லலாம், காசு கிடையாது. அங்க தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே மனுப் போடலாம். ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்.

அக்கா 1915-ல புகார் கொடுத்து எண் வாங்கியாச்சு. அதுக்கப்புறம் கடைக்காரரே கூப்பிட்டு, "வேற டேப் மாத்தித் தர்றேனுங்க்கா"ன்னார். அதே கம்பெனி டேப்பைத்தான் நீட்டினார். அக்கா வேண்டாம், காசைக் கொடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. தரலைன்னா ஆணையத்துல மனுப் போடறதுக்குத் துண்டுச் சீட்டு, பெட்டி, கூகுள் பே-ல காசு போன விவரம், சிபியூ-இசட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்து வெச்சிருக்கோம்.

நீங்களும் இந்த மாதிரி பெட்டி வாங்கியிருந்தீங்கன்னா, பிள்ளைங்க போட்டோ, நோட்ஸ் எல்லாத்தையும் இன்னைக்கே வேற இடத்துக்கு நகல் எடுத்துடுங்க. 30 நாள் முடியறதுக்குள்ள கடையில எழுத்துல கொடுத்துக் கையெழுத்து வாங்குங்க. வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க.